முடுக்கியை வாங்குமுன் நேரத்தை அளப்போம்

(திருத்தணியில் நூலக வாசகர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

முருகன் குன்றின் அடிவாரத்தில், டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த மண்ணில், இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்கள் வீட்டு மேசையிலும் கடை மேசையிலும் இருக்கும் பழைய கம்ப்யூட்டர். அது மெதுவாகிவிட்டது. இன்னொரு பக்கம், செயற்கை நுண்ணறிவு, ஜிபியு, முடுக்கி என்ற பேச்சு எங்கும் கேட்கிறது. ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிச் செருகினால் இந்தப் பழைய பெட்டி புதிதாகிவிடுமா? போட்ட பணத்துக்கு அது ஈடாகுமா? இந்த ஒரே கேள்விக்கு விடை தேடுவதுதான் இன்றைய மாலையின் வேலை.

இந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை நம் மாவட்டத்துக்கு எல்லோரையும் விட அதிகமாகவே இருக்கிறது. 2011 செப்டம்பர் 15-ஆம் நாள், அண்ணா பிறந்த நாளில், தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான். அந்த நாளுக்குப் பிறகு பல ஆண்டுகள் பிளஸ் டூ மாணவர்கள் கையில் மடிக்கணினி வந்தது. வாழ்நாளில் கம்ப்யூட்டரைத் தொட்டிராத வீடுகளுக்குள் கம்ப்யூட்டர் நுழைந்தது. அன்று 2 ஜிபி நினைவகமும் 320 ஜிபி சுழலும் வட்டுமாக வந்த அந்தப் பெட்டிகளில் எத்தனையோ இன்னும் அலமாரியில் இருக்கின்றன. சில இன்றும் வேலை செய்கின்றன. அவற்றைத் தூக்கிப் போட மனம் வரவில்லை, வரவும் கூடாது. 2025-26 வரவு செலவுத் திட்டத்தில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று அரசு மீண்டும் அறிவித்தது. புதியது வருகிறது, பழையது நிற்கிறது. நடுவில் நிற்கும் குடும்பம் எதில் பணம் போடுவது?

முதலில், முடுக்கி என்பது என்ன? கம்ப்யூட்டரின் மையச் செயலி எல்லா வேலையையும் செய்யும். கிராபிக்ஸ் கார்டில் இருக்கும் ஜிபியு போன்ற முடுக்கி ஒரு வகை வேலையை மட்டும் செய்யும், ஆனால் மிக வேகமாகச் செய்யும். இது இன்று நேற்று வந்த யோசனை இல்லை. இன்டெல் நிறுவனம் 1980-இல் 8087 என்ற தனிச் சில்லை விற்றது. தசமப் புள்ளி எண்களைக் கூட்டிப் பெருக்குவதே அதன் தொழில். கட்டட வரைபடம் போடுகிறவர்களுக்கு அது பெரிய வரம். ஆட்டோகேட் மென்பொருள் ஒரு கட்டத்தில் அந்தச் சில்லு இருந்தால்தான் ஓடும் என்ற நிலைக்கே வந்தது. அதே சில்லைக் கடிதம் தட்டச்சு செய்யும் அலுவலகத்தில் செருகியவர்களுக்கு என்ன கிடைத்தது? ஒரு எழுத்துகூட விரைவாக வரவில்லை, ஏனென்றால் கடிதம் தட்டச்சு செய்வதில் தசமக் கணக்கே இல்லை. 1989-இல் வந்த 486 செயலியில் அந்தக் கணக்குச் சில்லு உள்ளேயே சேர்க்கப்பட்டுவிட்டது. தனியாக விற்றதெல்லாம் சில ஆண்டுகளில் உள்ளே வந்துவிடும் என்பதையும் அது காட்டியது. சில்லு ஒன்றுதான், விலை ஒன்றுதான். பயன் மட்டும் ஒருவருக்கு முழுதாகவும் இன்னொருவருக்குச் சுழியாகவும் இருந்தது. அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? செய்த வேலையிலிருந்து வந்தது.

இந்த உண்மைக்குக் கணக்கு வடிவம் கொடுத்தவர் ஜீன் அம்டால். ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த அவர் 1967-இல் சொன்ன கருத்தை இன்றும் அம்டால் விதி என்று கல்லூரிகளில் படிக்கிறார்கள். விதி பெரியதாகத் தோன்றும், கணக்கு எளியது. ஒரு வேலைக்கு 60 நிமிடம் ஆகிறது. அதில் 15 நிமிடம்தான் முடுக்கியால் விரைவுபடுத்தக்கூடிய பகுதி. பத்து மடங்கு வேகமான முடுக்கியை வாங்குகிறீர்கள். அந்த 15 நிமிடம் ஒன்றரை நிமிடமாகச் சுருங்கும். மொத்தம் எவ்வளவு? 46 நிமிடம் 30 நொடி. பத்து மடங்கு என்று விளம்பரம் சொன்னது, கைக்குக் கிடைத்தது ஒன்றே கால் மடங்குக்குச் சற்று மேல். ஆயிரம் மடங்கு முடுக்கியே வாங்கினாலும் மீதி 45 நிமிடத்தில் ஒரு நொடியும் குறையாது. இப்போது மாற்றிப் பாருங்கள். அதே 60 நிமிடத்தில் 48 நிமிடம் முடுக்கிக்கு உரிய வேலை என்றால், அதே பத்து மடங்கு முடுக்கி மொத்தத்தை 17 நிமிடத்துக்குள் முடித்துவிடும். ஆடிக் கிருத்திகையன்று மலைமேல் போக எவ்வளவு வேகமான வண்டி பிடித்தாலும், நேரம் போவது தரிசன வரிசையில் என்றால் வண்டியின் வேகத்தால் என்ன ஆகப் போகிறது? வரிசை எங்கே நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். இன்றைய பேச்சு முழுவதும் இந்த ஒரு கருத்துதான்: காலம் எங்கே போகிறது என்று அளந்து பாருங்கள், அதற்குப் பிறகு பணப்பையைத் திறங்கள்.

அளப்பது எப்படி? அதற்கு நிபுணர் வேண்டாம், காசும் வேண்டாம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் செயலி, நினைவகம், வட்டு, கிராபிக்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு ஓடும். அதைத் திறந்து வைத்துவிட்டு உங்கள் அன்றாட வேலையைச் செய்யுங்கள். நீங்கள் காத்திருக்கும் அந்த நேரத்தில் எந்தக் கோடு உச்சியைத் தொட்டு நிற்கிறது? பழைய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் வட்டுக் கோடு நூறு சதவீதத்தில் நிற்கும், செயலி சும்மா இருக்கும். காரணம் தெளிவானது. நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் வட்டுக்கு ஒரு சுற்றுச் சுற்ற 11 மில்லி நொடி ஆகும். வேண்டிய தகவல் ஊசிக்குக் கீழே வர சராசரியாக அதில் பாதி. ஊசி நகரும் நேரம் தனி. ஆக நொடிக்கு நூறு இடங்களைக்கூட அதனால் எட்டிப் பிடிக்க முடியாது. சுழலாத எஸ்எஸ்டி அதே ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான இடங்களைத் தொட்டு வரும். வட்டில் வரிசை நிற்கும் பெட்டிக்குக் கிராபிக்ஸ் கார்டு வாங்கினால் வரிசை அப்படியே நிற்கும். ஒரு எஸ்எஸ்டியும் சற்றுக் கூடுதல் நினைவகமும் போட்டால், 2011-இல் வந்த மடிக்கணினிகூட எழுதவும் படிக்கவும் பாடம் கேட்கவும் தகுதியாகிவிடும். இவை இரண்டையும் யாரும் முடுக்கி என்று அழைப்பதில்லை. ஆனால் பழைய பெட்டிக்கு உண்மையான முடுக்கி பெரும்பாலும் இவைதான்.

இனி ஒவ்வொரு தொழிலாக எடுத்துப் பார்ப்போம். முதலில் டிடிபி நிலையம். பழைய தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றித் தரும் வேலை பல ஊர்களில் நடக்கிறது. அதற்கு இலவசமாகக் கிடைக்கும் டெசராக்ட் மென்பொருள் தமிழை நன்றாகவே படிக்கும். நூறு பக்கம் மாற்ற நேரம் ஆகிறது என்று ஒருவர் கிராபிக்ஸ் கார்டு வாங்க நினைக்கிறார். வாங்கலாமா? டெசராக்டின் எழுத்தறியும் பகுதி மையச் செயலியில்தான் ஓடுகிறது. கார்டு எத்தனை விலையுயர்ந்ததாக இருந்தாலும் அது திரும்பிக்கூடப் பார்க்காது. அவர் செய்ய வேண்டியது வேறு: செயலியில் நான்கு மையங்கள் இருந்தால் பக்கங்களை நான்காகப் பிரித்து ஒரே நேரத்தில் ஓடவிட வேண்டும். செலவு எதுவும் இல்லை. ஆகவே முடுக்கிக்குப் பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி: நான் பயன்படுத்தும் மென்பொருள் இந்தக் கார்டைப் பயன்படுத்தத் தெரிந்ததா? தெரியாது என்றால் பேச்சே அங்கே முடிந்துவிடுகிறது.

அடுத்து ஸ்டுடியோ. நம் ஊரில் முகூர்த்த நாள் என்றால் மலையிலும் அடிவாரத்து மண்டபங்களிலும் திருமணம் நிறைய நடக்கும். ஒவ்வொரு திருமணத்துக்கும் வீடியோ உண்டு, ஆல்பம் உண்டு, ஒரு வாரத்தில் கேட்டு வரும் பெண்வீட்டாரும் உண்டு. வீடியோ எடிட்டிங் உண்மையிலேயே முடுக்கிக்கு ஏற்ற வேலை. கிராபிக்ஸ் கார்டுக்குள் வீடியோவை விரிக்கவும் சுருக்கவும் தனிப் பகுதியே இருக்கிறது. ஆனால் இங்கேயும் ஒரு நுட்பம் இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். சோனி ஏ7 நான்காம் தலைமுறை போன்ற கேமராக்கள் 10 பிட், 4:2:2 என்ற முறையில் படம் பிடிக்கும். நிறத் தகவல் கூடுதலாக இருப்பதால் பட்டுச் சேலையின் நிறத்தைப் பின்னால் திருத்த அது வசதி. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 பெயர்பெற்ற கார்டு, நல்ல கார்டு. ஆனால் 4:2:2 வீடியோவை விரிக்கும் பகுதி அதில் இல்லை. என்விடியாவில் அந்த வசதி 2025-இல் வந்த 50 வரிசையில்தான் சேர்ந்தது. இன்டெலின் 11-ஆம் தலைமுறைச் செயலிக்குள் இருக்கும் சாதாரண கிராபிக்ஸே, ஹெச்.265 முறையில் எழுதிய கோப்பு என்றால், அதைச் செய்துவிடும். இன்டெலின் ஆர்க் ஏ380 கார்டும் செய்யும், 75 வாட்டில் ஓடும். அப்படியானால் அதை வாங்கிப் பழைய பெட்டியில் செருகிவிடலாமா? ஆர்க் கார்டுகளுக்கு ரீசைசபிள் பார் என்ற மதர்போர்டு வசதி வேண்டும், பழைய போர்டுகளில் பெரும்பாலும் அது இருக்காது. அது இல்லாவிட்டால் கார்டின் வேகம் வெகுவாகக் குறையும். ஆக, கார்டின் பெயரைப் பார்த்து வாங்கியவர் ஏமாறுவார், தன் கேமரா எழுதும் கோப்பைப் பார்த்து வாங்கியவர் தப்புவார். கேமரா, நிறத் தகவல் குறைவான 4:2:0 முறையில் எழுதுகிறது என்றால் சில ஆண்டுகளுக்கு முந்தைய சாதாரண கார்டே போதும். 4:2:2 என்றால், ப்ராக்ஸி எனப்படும் சிறிய நகல்களை இரவில் உருவாக்கி வைத்துக்கொண்டு காலையில் எடிட் செய்யும் வழி எப்போதும் இருக்கிறது. அதற்குக் காசு வேண்டாம், பழக்கம்தான் வேண்டும்.

மூன்றாவது, எல்லோரும் ஆவலாகக் கேட்கும் செயற்கை நுண்ணறிவு. முடுக்கியின் பெருமையை நான் குறைத்துப் பேசவில்லை. 2012-இல் அலெக்ஸ்நெட் என்ற படம் அறியும் வலையைக் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகக் குழு பயிற்றுவித்தபோது, பயன்படுத்தியவை விளையாட்டுக்காக விற்ற இரண்டு ஜிடிஎக்ஸ் 580 கார்டுகள். ஒவ்வொன்றிலும் 3 ஜிபி நினைவகம். ஐந்தாறு நாளில் பயிற்சி முடிந்தது, உலகம் திசை மாறியது. ஏன் அங்கே அவ்வளவு பயன்? அந்த வேலையின் பெரும்பகுதி ஒரே வகைப் பெருக்கல் கணக்கு. அம்டால் கணக்கில் முடுக்கியின் பங்கு கிட்டத்தட்ட முழுதாக இருந்தது. இன்று வீட்டில் ஒரு மொழி மாதிரியை ஓட்டிப் பார்க்க விரும்பும் மாணவருக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. 700 கோடி எண்கள் கொண்ட மாதிரியைச் சுருக்கினால் சுமார் 4 ஜிபி வரும். அது ஒவ்வொரு சொல் துண்டை எழுதும்போதும் அந்த 4 ஜிபி முழுவதையும் ஒருமுறை படித்தாக வேண்டும். இரு வழியில் அமைந்த பழைய டிடிஆர்3 நினைவகம் நொடிக்கு 25.6 ஜிபி வரை தரும். ஆக நொடிக்கு ஆறு துண்டுதான் உச்சவரம்பு. ஆர்டிஎக்ஸ் 3060-இன் 12 ஜிபி கார்டில் நினைவகம் நொடிக்கு 360 ஜிபி தரும், உச்சவரம்பு 90. இங்கே கார்டு உண்மையிலேயே பெரிய மாற்றம் செய்கிறது. ஆனால் மாதிரி கார்டின் நினைவகத்துக்குள் முழுதாக அடங்கினால்தான் இந்தக் கணக்கு நிற்கும். மிச்சத்தைப் பழைய மதர்போர்டின் வழியாகக் கொண்டுவர வேண்டுமென்றால், இரண்டாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை நொடிக்கு 8 ஜிபிதான் கடத்தும். கார்டுக்குப் போட்ட பணம் அந்தப் பாதையில் நின்றுவிடும். ஆகவே ஏஐ வேலைக்குக் கார்டு வாங்குகிறவர் வேகத்தைவிட முதலில் பார்க்க வேண்டியது அதன் நினைவக அளவு.

யுஎஸ்பியில் செருகும் சிறு ஏஐ கருவிகளைப் பற்றியும் ஒரு சொல். கூகுளின் கோரல் கருவி 2019-இல் வந்தது. நொடிக்கு 4 லட்சம் கோடி கணக்குகள் செய்யும் என்பது உண்மை, அதுவும் மிகக் குறைந்த மின்சாரத்தில். கேமராவில் ஆள் வருகிறாரா, வண்டி வருகிறதா என்று கண்டுபிடிக்க அது அருமையான கருவி. அதன் உள்நினைவகம் 8 எம்பி. 4 ஜிபி மொழி மாதிரியை அதில் எங்கே வைப்பது? பெட்டியின்மேல் அச்சிட்ட பெரிய எண் பொய் இல்லை. அது உங்கள் வேலைக்கு உரிய எண் இல்லை, அவ்வளவுதான்.

நம் ஊருக்கே உரிய ஒரு தேவையை இங்கே சொல்ல வேண்டும். வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. ஆனால் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் இன்றும் அருகருகே நடக்கின்றன. ஆந்திரத்தின் நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் வருகிறவரோடு கணக்கும் கடிதமும் இரு மொழியில் வேண்டியிருக்கிறது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2023-இல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2 அரசமைப்பின் 22 இந்திய மொழிகளுக்கிடையே மொழிபெயர்க்கும். தமிழிலிருந்து தெலுங்குக்கு நேராகச் செல்ல, சுமார் 32 கோடி எண்கள் கொண்ட சிறிய வடிவமும் அதில் உண்டு. ஒரு எண்ணுக்கு 4 பைட் என்று வைத்தாலும் 1.3 ஜிபிதான். 4 ஜிபி நினைவகமுள்ள பழைய கம்ப்யூட்டரில், கார்டு இல்லாமலேயே, ஒரு கடிதத்தை மொழிபெயர்க்க இது போதும். பெரிய மாதிரிகளைச் சுருக்கி மையச் செயலியிலேயே ஓட்டும் திறந்த மென்பொருள்களும் 2023-க்குப் பிறகு பெருகிவிட்டன. மென்பொருள் மெலிவதும் ஒரு முடுக்கம்தான், அதற்கு எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்பெட்டியை மாற்ற வேண்டியதில்லை.

எஸ்எம்பிஎஸ் என்றேன். முடுக்கியைத் தாங்கும் உடம்பைப் பற்றியும் பேச வேண்டாமா? 3060 கார்டு மட்டும் 170 வாட் இழுக்கும், 550 வாட் மின்பெட்டி வேண்டும் என்பது தயாரிப்பாளர் பரிந்துரை. பழைய பெட்டியில் இருக்கும் மலிவு எஸ்எம்பிஎஸ்ஸின்மேல் 450 என்று ஒட்டியிருப்பதை நம்பிச் செருகினால் பாதி வேலையில் அணைந்துவிடும், மோசமான நாளில் போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். தினம் ஆறு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் ஒரு யூனிட் மின்சாரம், இரண்டு மாதத்துக்கு அறுபது யூனிட். 2025 நிலவரப்படி வீட்டுக்கு இலவசமாகக் கிடைத்த நூறு யூனிட்டில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். செயலியும் பழையது என்றால் இன்னொரு சிக்கல். ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத் தொகுப்பு இல்லாத செயலியில், 2018-க்குப் பிந்தைய டென்சர்ஃப்ளோ என்ற ஏஐ மென்பொருளின் நிறுவல் கோப்புகள் தொடங்கவே மறுக்கும். அந்தக் காலத்துப் பென்டியம் செயலிகளில் அது இல்லை. கார்டு புதியது, மின்பெட்டி புதியது, மென்பொருள் திறக்கவில்லை. மடிக்கணினி வைத்திருப்பவருக்கோ உள்ளே கார்டு செருக இடமே இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை அளவிலான செயலியையும். எந்தக் கிராபிக்ஸ் கார்டும் அந்தத் தகுதியை வாங்கித் தராது. அப்படிப்பட்ட பெட்டிக்கு எஸ்எஸ்டி போட்டு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையோ வேறொரு லினக்ஸையோ நிறுவுவது கண்ணியமான மறுவாழ்வு.

எதிர்க்கேள்விகள் உங்கள் மனதில் எழுந்திருக்கும். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்வி: ரயில் ஏறினால் சென்னை ரிச்சி தெருவில் பழைய கார்டு பாதி விலைக்குக் கிடைக்கிறதே, அதை வாங்கினால் என்ன? வாங்கலாம், இரண்டைப் பார்த்துவிட்டு. எத்தீரியம் என்ற மின்னணு நாணயம் 2022 செப்டம்பரில் தன் முறையை மாற்றிக்கொண்டபோது, இரவு பகலாக நாணயக் கணக்கு போட்டுக்கொண்டிருந்த கார்டுகள் உலகெங்கும் பழைய சந்தைக்கு வந்தன. விசிறி தேய்ந்திருக்கிறதா, சூடானால் படம் சிதறுகிறதா என்று அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். இரண்டாவது, கார்டின் ஆயுள் அதை இயக்கும் டிரைவர் மென்பொருளோடு முடியும். 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கான வழக்கமான புதுப்பிப்பு 2025 அக்டோபருடன் நின்றுவிட்டது, இனிப் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் சில காலம் வரும். இருக்கும் மென்பொருளுக்கே அது போதும் என்றால் வாங்குங்கள். நாளை வரப்போகும் மென்பொருளை நம்பி வாங்காதீர்கள்.

இரண்டாவது கேள்வி: கார்டை நாளை புதிய கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொள்ளலாமே, அது எப்படி வீண் செலவு ஆகும்? இது வலுவான வாதம், நான் ஒப்புக்கொள்கிறேன். மேசைக் கணினி வைத்திருந்து, ஓராண்டுக்குள் மற்ற உறுப்புகளையும் மாற்றுவது உறுதி என்றால், நல்ல மின்பெட்டியையும் கார்டையும் முதல் தவணையாக வாங்குவது சரியான திட்டம். ஆனால் அந்த இரண்டாம் தவணை உண்மையிலேயே வருமா என்பதை உங்கள் வரவு செலவைப் பார்த்துச் சொல்லுங்கள். 2025 இறுதியில் ஏஐ மையங்களின் தேவையால் நினைவகத்தின் விலை உலகெங்கும் ஏறியது. நாளைக்கு மலிவாகும் என்ற நம்பிக்கை எப்போதும் பலிப்பதில்லை.

மூன்றாவது கேள்வி மாணவர்களுடையது: வேகத்துக்காக இல்லை, கற்றுக்கொள்ள வேண்டும், அதற்குக் கார்டு வேண்டாமா? கற்பது எல்லாவற்றிலும் உயர்ந்த பயன், அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் கற்கும் மாணவர் முழு வேகத்தில் கார்டை ஓட்டுவது வாரத்தில் சில மணி நேரம்தான். கூகுள் கோலாப் என்ற இணையச் சேவையில் 16 ஜிபி நினைவகமுள்ள டி4 கார்டு காசில்லாமல் கிடைக்கிறது, நேர வரம்பு உண்டு. 2024 மார்ச்சில் 10,372 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற இந்தியா ஏஐ இயக்கம், ஆராய்ச்சியாளருக்கும் மாணவருக்கும் மணிக்கு நூறு ரூபாய்க்குக் குறைவாக ஜிபியு தர முனைந்திருக்கிறது. வாடிக்கையாளர் படங்களை வெளியே அனுப்பலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. திருமண வீடியோவையும் மருத்துவத் தாளையும் வெளியே அனுப்பக் கூடாது, அந்த வேலை உள்ளூரிலேயே நடக்கட்டும். பாடப் பயிற்சிக்கு அந்தத் தடை இல்லை.

அப்படியானால் எப்போது வாங்கலாம்? ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம். கார்டும் மின்பெட்டியும் சேர்த்து 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாள் வேலை, இரண்டு ஆண்டு உழைப்பு. தினம் 10 நிமிடம் மிச்சமானால் மொத்தம் 100 மணி நேரம், ஒரு மணி நேரத்தின் விலை 240 ரூபாய். தினம் ஒரு மணி நேரம் மிச்சமானால் 600 மணி நேரம், ஒரு மணிக்கு 40 ரூபாய். முதலாவதை யோசித்து விட்டுவிடலாம், இரண்டாவதை இன்றே வாங்கலாம். மிச்சமாகும் நிமிடத்தை யார் சொல்வது? கடைக்காரர் சொல்லக் கூடாது, விளம்பரம் சொல்லக் கூடாது. உங்கள் சொந்தக் கோப்பைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, அந்தக் கார்டு இருக்கும் கம்ப்யூட்டரில் ஒருமுறை ஓட்டி, கடிகாரத்தைப் பார்த்து நீங்களே சொல்ல வேண்டும். அளந்தவருக்கு வருத்தம் இல்லை. அளக்காதவருக்கு உத்தரவாதம் இல்லை.

நண்பர்களே, இந்தக் கணக்கு நம்மை இன்னொரு முடிவுக்கும் கொண்டுபோகிறது. முடுக்கியின் மதிப்பு அது ஓடும் மணி நேரத்தைப் பொறுத்தது. பத்து வீட்டில் பத்து கார்டு, ஒவ்வொன்றும் வாரத்தில் ஒரு மணி நேரம் ஓடினால், பத்தும் நஷ்டம். ஒரே கார்டு பத்து பேருக்கு மாறி மாறி ஓடினால், பத்து பேருக்கும் லாபம். ஆகவே என் வேண்டுகோள் இது. வீட்டுக்கு வீடு பழைய பெட்டியில் எஸ்எஸ்டியும் நினைவகமும் போடுங்கள், அதற்குமேல் வேண்டாம். தினமும் எடிட் செய்யும் ஸ்டுடியோக்காரர் தன் கோப்பை அளந்து தனக்கென்று வாங்கட்டும். மற்றவர்களுக்காக, இந்த ஊரில் ஒரு கல்லூரியோ நூலகமோ 12 ஜிபிக்குக் குறையாத நினைவகமுள்ள ஒரு கார்டைத் தகுந்த புதிய கணினியில் பொருத்தி, நேரப் பதிவேடு ஒன்று வைத்து, மாணவருக்குத் திறந்துவிடட்டும். அந்தப் பதிவேட்டில் யார் எத்தனை மணி ஓட்டினார், எவ்வளவு நேரம் மிச்சமானது என்று எழுதிவையுங்கள். ஓராண்டு கழித்து இரண்டாவது கார்டு வேண்டுமா என்ற கேள்வி வரும்போது, யாரும் வாதாட வேண்டியதில்லை, ஏட்டைப் புரட்டினால் விடை இருக்கும். அந்த முயற்சியை இந்த ஆண்டே தொடங்குவோம்.